ஆவரசம்பூத் தண்ணி

நாரந்தனை
11.06.2024

கத்தரீனாவுக்கு,

அன்புள்ள தங்கச்சி எண்டு எழுதக் கை வரேல்லை. அதாலை பேரை மட்டும் எழுதுறன்.

உன்ரை போன் நம்பரை மறிச்சுப் போட்டன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிச்சு "அத்தான் எப்பிடி, அத்தான் எப்பிடி" எண்டு கேட்டு அழுறதைக் கேக்க எனக்கு ஏலாது. எப்பிடி எண்டு எழுதுறன், வாசி. ஞாயிற்றுக்கிழமை பெரியாஸ்பத்திரியிலை துண்டு தந்து வீட்டை அனுப்பி விட்டவை. இடது கால் முழங்காலுக்குக் கீழை இல்லை. முப்பத்தெட்டு வருசம் கடலுக்குப் போன மனுசனை வான் வண்டியிலை இருந்து ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கதிரையிலை வைச்சவை. வைச்ச உடனை அவர் கேட்ட முதல் கதை, "வள்ளத்தை மேலை இழுத்து வைச்சியளோ?" நான் எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் பார், உன்ரை பார்சல் வந்து சேருது. ரெண்டு பை ஆவரசம்பூ. நிழலிலை காய வைச்சு, மஞ்சள் மாறாமல், வடிவாய்த்தான் கிடந்தது. அடுப்புக்குள்ளை கொட்டினன். நல்லாய் எரிஞ்சுது.

ரெண்டு வருசமாய் அந்தப் பூவை அவிச்ச தண்ணியைத்தான் அவர் காலமையும் பின்னேரமும் குடிச்சவர். சலரோகத்துக்கு, சீனி வருத்தத்துக்கு, இதை மிஞ்சின மருந்தில்லை எண்டு நீதான் சொல்லிக் குடுத்தனி. அதை நம்பிக் குளிசையை விட்டிட்டார். ஆஸ்பத்திரியிலை கத்தி பிடிச்சது டொக்டர்மார். காலை எடுத்தது நீயும் உன்ரை செடியும்.

சொல்ல ஏதும் இருந்தால் எழுது. மனம் வந்தால் வாசிப்பன்.

அஞ்சலா


நெடுந்தீவு
20.06.2024

என் பாசமுள்ள அக்காவுக்கு,

தங்கச்சி கத்தரீனா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் திங்கட்கிழமை லோஞ்சுப் படகிலை வந்தது. வாசிச்ச பிறகு மூண்டு நாள் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. அத்தானுக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி.

ஆனால் எல்லாத்துக்கும் ஒரு நியாயம் வேணும், அக்கா. பூவை அவிச்சுக் குடியுங்கோ எண்டு சொன்னனான். குளிசையை விடுங்கோ எண்டு எந்தக் காலத்திலும் சொல்லேல்லை. நான் குடுக்கிற ஒவ்வொரு பையிலும் என்ரை கையாலை எழுதி ஒட்டியிருக்கிறன்: "வைத்தியர் தந்த குளிசையை நிறுத்த வேண்டாம்."

செடியையும் சும்மா குற்றம் சொல்லாதையுங்கோ. என்ரை மனுசன் இராயப்பு கண்ணை மூடின பிறகு, அவர் விட்டுட்டுப் போன இந்தப் பத்துப் பரப்புக் கல்லுத் தரையைப் பாத்துத் தீவே சிரிச்சது. தென்னை வைச்சன், பட்டுது. கத்தரி வைச்சன், உவர்த் தண்ணியிலை கருகிச்சுது. கடைசியிலை ஆவரசு விதையைக் கல்லிலை உரஞ்சித் தோலைத் தேய்ச்சு, சுடுதண்ணியிலை ஊறப் போட்டு, ஐப்பசி மழைக்கு முன்னம் பைகளிலை நட்டன். நூறுக்கு எழுபது முளைச்சுது. முதல் கோடைக்கு மட்டும் செடிக்கு ஒரு செம்புத் தண்ணி, கிழமைக்கு ரெண்டு தரம். அந்தத் தண்ணியை அரை மைல் தள்ளியிருக்கிற நல்ல தண்ணிக் கிணத்திலை இருந்து வாளியிலை காவினனான். அடுத்த கோடையிலை இருந்து அது ஒருவரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை. ஆடு வாய் வைக்காது. மாடு மோந்துபோட்டுப் போகும். நாலு மாசம் மழை இல்லாமல் தரை வெடிச்சுக் கிடக்கேக்கை அது மட்டும் மஞ்சளாய்ப் பூத்து நிக்கும். சிரிச்ச ஆக்களே பிறகு படலையிலை வந்து பூக் கேட்டு நிண்டவை. ஆறு வருசத்திலை ஒரு நாள் நீங்கள் வந்து பாத்தியளோ?

இன்னொண்டும் கேக்கிறன், குறை நினைக்காதையுங்கோ. அத்தான் குளிசை போடாமல் விட்டது ஒரு நாளிலை நடந்த விசயம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழை அவரோடை இருந்தது நீங்கள். அந்த மாசமெல்லாம் நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?

உங்கள் தங்கச்சி,
கத்தரீனா


நாரந்தனை
01.07.2024

நான் எங்கை இருந்தனானோ? நீ என்னைக் கேக்கிறியோ?

சொல்லுறன், கேள். வைகாசி மாசம் வலையிலை கிடந்த கெளுத்தி முள்ளு அவரின்ரை குதிக்காலிலை ஏறேக்கை நான் கரையிலை மீன் பிரிச்சுக்கொண்டு நிண்டனான். ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு கெஞ்சினனான். "ஒரு முள்ளுக்கு ஆஸ்பத்திரியோ" எண்டுபோட்டு மனுசன் உன்ரை பூத் தண்ணியாலை புண்ணைக் கழுவினார். பதினைஞ்சு நாள் கழுவினார். புண் கறுத்து நாறத் தொடங்கேக்கை நான் பக்கத்துப் பாயிலை படுத்திருந்து அதை மோந்தனான். பெரியாஸ்பத்திரியிலை வாட்டு வாசலிலை வெறும் நிலத்திலை எட்டு நாள் கிடந்தனான். காலை எடுக்கிறதுக்குக் கையெழுத்து வைச்சது இந்தக் கை. இதை எழுதுறதும் அதே கைதான்.

நீ அந்த நேரம் எங்கை இருந்தனி? பூ ஆய்ஞ்சுகொண்டு இருந்தனி.

நீ செம்பாலை தண்ணி ஊத்தின கதை எனக்கு என்னத்துக்கு? நேரிலை வாறன். உன்ரை முகத்தைப் பாத்து நாலு கேள்வி கேக்க வேணும்.

அஞ்சலா


நெடுந்தீவு
10.07.2024

அஞ்சலா,

இந்தக் கடிதத்திலை அக்காவும் இல்லை, நீங்களும் இல்லை. மரியாதை தேடாதை.

சனிக்கிழமை நான் யாழ்ப்பாணம் போயிட்டுப் பின்னேர லோஞ்சிலை வந்து இறங்கிறன், பக்கத்து வளவுப் பரராசசிங்கம் அண்ணை துறையிலை நிக்கிறார். வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பு.

"பிள்ளை, வெட்டி முடிச்சாச்சு" எண்டார்.

"என்னத்தை அண்ணை?"

"உம்மடை கொக்கா அஞ்சலா வந்து தனிய நிண்டு வெட்டுறா. கத்தரீனா சொன்னவவோ எண்டு கேட்டன். ஓம், சொன்னவதான் எண்டா. பாவம் பொம்பிளை தனியக் கஷ்டப்படுறா எண்டு நானும் ரெண்டு வரிசை வெட்டிக் குடுத்தனான்."

ஓடினன். ஓடி வந்து பாத்தால் வளவு வெளிச்சுக் கிடக்குது. எனக்குப் பின்னாலை வந்த மனுசன் என்ரை முகத்தைப் பாத்துத்தான் விசயத்தை விளங்கினார். எழுபது வயசிலை என்ரை கல்வேலியிலை இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். இண்டைக்கு வரைக்கும் அவர் எனக்கு முகம் தாறார் இல்லை. உன்ரை பொய்யுக்கு அவரை ஏன் கூட்டுச் சேர்த்தனி?

தொண்ணூற்றி மூண்டு செடி. ஒவ்வொண்டாய்ப் பாத்தன். அவர் வெட்டினது முழங்கால் உயரத்திலை, முறையாய் வெட்டியிருக்கிறார். நீ இடுப்பளவிலை முறிச்சிருக்கிறாய், தரையோடை கொத்தியிருக்கிறாய், முப்பத்திரண்டை வேரோடை பிடுங்கி எறிஞ்சிருக்கிறாய். ஆவரசு வேர் லேசிலை வராது. கல்லுக்குள்ளாலை இறங்கின வேர். ஒரு செடிக்கு நீ எவ்வளவு நேரம் நிண்டு இழுத்திருப்பாய் எண்டு யோசிச்சன். என்ரை கொட்டிலிலை இருந்த கத்தியையே எடுத்திருக்கிறாய். பிடியிலை ரத்தம் காய்ஞ்சு கிடந்தது. என்ரை செடியின்ரை பால் எண்டு முதல் நினைச்சன். ஆவரசிலை பால் வராது எண்டு பிறகுதான் ஞாபகம் வந்தது.

பூ முடிஞ்சு, மழைக்குக் கொஞ்சம் முன்னம் வெட்டுறதுதான் முறை. சோளகக் காத்து மண்ணை வாரி அடிக்கிற ஆடியிலை வெட்டினால் துளிர்க்குமோ, பட்டுப் போகுமோ, எனக்கே தெரியாது.

பொலிசுக்குப் போகச் சொல்லி எல்லாரும் சொல்லுகினம். அத்தானின்ரை முகத்துக்காகப் போகேல்லை. உன்ரை முகத்துக்காக எண்டு நினைச்சுப் போடாதை.

கத்தரீனா


நாரந்தனை
19.07.2024

வெட்டினது நான்தான். பொலிசைக் கூட்டிக்கொண்டு வா, அவைக்கும் இதைத்தான் சொல்லுவன்.

வெட்ட எண்டு நான் வரேல்லை. கேக்க வந்தனான். வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பிப் பாத்தால் உன்ரை செடியள் ஒரு குறையும் இல்லாமல், கல்யாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரிப் பூத்துக்கொண்டு நிக்குதுகள். என்ரை வீட்டிலை ஒருத்தர் எழும்பிப் போய்ச் சலம் விடேலாமல் கிடக்கிறார். அதுக்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாய் நினைவில்லை. பரராசசிங்கத்தாருக்குப் பொய் சொன்னது பிழை. அவரிட்டை நான் மன்னிப்புக் கேட்டதாய்ச் சொல்லு. உன்னட்டைக் கேக்கேல்லை.

இப்ப எனக்கு ஒரு கேள்வி கிடக்கு. ஆஸ்பத்திரியிலை காய்ச்சல் கொதிக்கேக்கை அவர் ரெண்டு மூண்டு தரம் சொன்னவர், "குளிசையை விட்டது கத்தரீனாவுக்குத் தெரியும்" எண்டு. காய்ச்சலிலை பிதற்றுறார் எண்டு விட்டிட்டன். நேற்று நல்ல நினைவோடை இருக்கேக்கை திருப்பிக் கேட்டன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

உனக்குத் தெரியுமோ, தெரியாதோ? ஓம் எண்டு எழுது, இல்லாட்டி இல்லை எண்டு எழுது. செடி, மழை, கிணறு ஒண்டும் எனக்கு வேண்டாம்.

அஞ்சலா


நெடுந்தீவு
02.09.2024

அக்காவுக்கு,

ஆறு கிழமை பிந்தி எழுதுறன். நாலு கடிதம் எழுதிக் கிழிச்சுப் போட்டன்.

ஓம். தெரியும்.

தை மாசம் அத்தான் இங்கை வந்து பத்து நாள் நிண்டாரே, அப்ப செடியளிலை பச்சைப் புழு விழுந்திருந்தது. மஞ்சள் வண்ணாத்திப்பூச்சி வந்து முட்டை இடும், பிறகு இலையெல்லாம் புழு. மருந்தடிச்சால் பூவைக் குடிக்கேலாது எண்டு கையாலைதான் பொறுக்கிறது. அத்தானும் ஒரு தகரப் பேணியோடை வந்து கூடப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "கத்தரீனா, நான் குளிசையை விட்டு மூண்டு மாசம். உம்மடை பூத் தண்ணிதான் இப்ப. கொக்காவுக்குச் சொல்லாதையும்."

"பாத்து அத்தான்" எண்டனான். அவ்வளவும்தான் சொன்னனான். சீனி எவ்வளவு எண்டு கேக்கேல்லை. கிளினிக்குக்குப் போங்கோ எண்டும் சொல்லேல்லை. எனக்குச் சந்தோசமாய் இருந்தது, அக்கா. என்ரை கையாலை வளர்த்தது ஒரு மனுசனைச் சுகப்படுத்திப் போட்டுது எண்டு எனக்குத் தலைகால் தெரியேல்லை.

அதோடை நிண்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஞாயிறு பூசை முடிஞ்சு பொம்பிளையள் கோயில் வாசலிலை நிக்கேக்கை, அத்தானைக் கூப்பிட்டு முன்னாலை நிப்பாட்டி, "எங்கடை அத்தானைப் பாருங்கோ. குளிசையும் இல்லை, ஒண்டும் இல்லை. கடலுக்குப் போறார்" எண்டு சொன்னனான். அவர் வெக்கத்திலை சிரிச்சுக்கொண்டு நிண்டார்.

பையிலை ஒட்டியிருக்கிறன் எண்டு எழுதினனே ஒரு வரி, அது பொய். அத்தானின்ரை கால் போன பிறகுதான் அந்த வரியை எழுதத் தொடங்கினனான்.

உங்களுக்கு ஓம் எண்டு எழுத முன்னம் இங்கை ஒரு வேலை செய்ய வேண்டிக் கிடந்தது. பூ வாங்கின வீடெல்லாம் ஏறி இறங்கினன். நாற்பத்தொரு வீடு. கோயிலடியிலை தனிய இருக்கிற செபஸ்தியம்மா மாசியிலை இருந்து குளிசை போடேல்லை. என்ரை வாயைக் கேட்டு விட்டவ. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனன். சீனி நானூற்றுப் பத்து. "ஆரம்மா உங்களுக்கு விடச் சொன்னது?" எண்டு நேர்ஸ் கேக்க, மனுசி என்னைத் திரும்பிப் பாத்தா. நான்தான் எண்டு நானே சொன்னன்.

இனிக் கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டாத ஒருவருக்கும் நான் பூக் குடுக்கிறேல்லை. "உவ என்ன டொக்டரோ" எண்டு அதுக்கும் ஏச்சு வாங்கிறன்.

நீங்களும் ஏசுங்கோ. ஆனால் வெட்டினதை நான் இன்னும் மன்னிக்கேல்லை. வாய் திறந்து கதைச்சது நான். செடி கதைக்கேல்லை.

கத்தரீனா


நாரந்தனை
10.11.2024

கத்தரீனாவுக்கு,

உன்ரை கடிதம் வந்து ரெண்டு மாசம். இனி இந்த வீட்டுச் செத்தவீட்டுக்கும் உனக்குச் சொல்லி அனுப்புறேல்லை எண்டு முடிவெடுத்தனான். பிறகேன் எழுதுறன் எண்டால், போன செவ்வாய்க்கிழமை ஒரு விசயம் நடந்தது.

பக்கத்து வீட்டு மேர்சி வந்து குந்தியிருந்து கதைச்சவள். நான் உன்ரை கதையை எடுத்தன். "கூடப் பிறந்தவள் தெரிஞ்சுகொண்டே மறைச்சவள். அவள்தான் இந்த மனுசன்ரை காலைத் திண்டவள்" எண்டன். உள்ளை இருந்து வலைக் கிழிசல் பொத்திக்கொண்டு இருந்த மனுசன் ஊசியைத் தூக்கி எறிஞ்சார். மேர்சி எழும்பி ஓடிட்டாள்.

"நிப்பாட்டு!" எண்டு கத்தினார். "அஞ்சு மாசமாய்க் கேட்டுக்கொண்டு கிடக்கிறன். அவள் செய்தவள், இவள் செய்தவள். ரெண்டு பேரும் என்ரை காலை வைச்சுக் கடிதம் எழுதுறியள். என்னை ஆரும் ஒரு வார்த்தை கேட்டியளோ? குளிசையை விட்டது நான். புண்ணை வைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டன் எண்டது நான். நான் என்ன பால்குடியோ, ஆரும் பருக்கினதைக் குடிக்க? காலும் போச்சு, வள்ளமும் போச்சு. நான் செய்த பிழையையும் என்னட்டை இருந்து பறிக்கப் போறியளோ? அதெண்டாலும் என்ரையாய்க் கிடக்கட்டும்!"

நான் அவர் அப்பிடிக் கத்தி ஒரு நாளும் கேட்டதில்லை. கத்தி முடிய ஊசியைத் தேடினார். அது கதிரைக்குக் கீழை போய்க் கிடந்தது. குனிஞ்சு எடுக்க அவருக்கு ஏலாது. நான் எடுத்துக் குடுக்கப் போக, "விடு" எண்டுபோட்டு நிலத்திலை இறங்கி இழுபட்டுப் போய்த் தானே எடுத்தார்.

அதைப் பாத்த பிறகு இதை என்னாலை மறைச்சு வைச்சிருக்க ஏலாது. மாசி மாசம் அவரின்ரை சேட் ஒண்டு எடுக்க அலுமாரி லாச்சியைத் திறந்தனான். ரெண்டு மாசக் குளிசை உடைக்காமல் அடியிலை கிடந்தது. லாச்சியை மூடினனான். கேட்டால் சண்டை வரும். அதுக்கு முதல் ஒருக்கால் கேட்டதுக்குச் சோத்துக் கோப்பையை எறிஞ்சவர். மற்றது, மனுசன் பாட்டுப் பாடிக்கொண்டு திரிஞ்சவர். எனக்கும் அது நல்லாய்த்தான் இருந்தது.

"நீங்கள் எங்கை இருந்தனீங்கள்" எண்டு நீ எழுதினியே. அந்த ஒரு வரிதான் என்னை லோஞ்ச் ஏத்தினது. இதை நீ எனக்கு ஒரு நாளும் திருப்பிச் சொல்லக் கூடாது. சொன்னால் அதோடை சரி.

அவருக்கு உன்ரை கடிதத்தை வாசிச்சுக் காட்டினன். செபஸ்தியம்மா இப்ப குளிசை போடுறாவோ எண்டு கேட்டு எழுதட்டாம்.

அஞ்சலா


நெடுந்தீவு
21.11.2024

அக்காவுக்கு,

திருப்பிச் சொல்ல மாட்டன். சொல்ல எனக்கு வாய் ஏது?

செபஸ்தியம்மா ரெண்டு மாசம் போட்டா. இப்ப திரும்பவும் விட்டிட்டா. போய்க் கேட்டன். "முதல் இல்லாமலே சுகம் எண்டனி, இப்ப கட்டாயம் போடு எண்டுறாய். உன்ரை எந்தக் கதையை நம்புறது?" எண்டுபோட்டுப் படலையைச் சாத்திட்டா. என்ரை சொல்லுக்கு இனி இங்கை மரியாதை இல்லை. அத்தான் கதைச்சால் கேப்பா எண்டு நினைக்கிறன். டிசெம்பர் ஏழாம் திகதி சனிக்கிழமை, கடல் அடங்கியிருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ. துறையிலை படி வழுக்கும். பரராசசிங்கம் அண்ணை ஆக்களோடை வந்து நிப்பார்.

அத்தானுக்கு ஒண்டு சொல்லுங்கோ. பிழை முழுக்கத் தனக்குத்தான் எண்டு அவர் வைச்சுக்கொண்டு இருக்கேலாது. என்ரை பங்கை நான் விட்டுக் குடுக்கிறேல்லை.

வெட்டுப்பட்ட அறுபத்தொண்டிலை ஐம்பத்தெட்டு மழையோடை துளிர்த்திட்டுது. நீங்கள் பிடுங்கின முப்பத்திரண்டும் போனது போனதுதான். போனதோடை முடியேல்லை. அந்தக் குழியளிலை மழைத் தண்ணி தேங்கி நிக்குது. ஆவரசை வெயில் ஒண்டும் செய்யாது. அடியிலை தேங்கிற தண்ணிதான் அதுக்கு எமன், வேர் அழுகிப் போகும். பக்கத்திலை நிக்கிற ஏழு செடிக்கு இப்பவே இலை பழுக்குது. ஒரு நாள் கோபத்திலை நீங்கள் செய்தது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கு எண்டு அறியத் தாறன்.

கத்தரீனா


நாரந்தனை
12.12.2024

கத்தரீனாவுக்கு,

வந்து போய் அஞ்சு நாள். துறையிலையும் கதைக்கேல்லை, உன்ரை வளவிலையும் நான் உன்னோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை. கதைக்க எண்டுதான் வந்தனான். உன்னைக் கண்ட உடனை பத்திக்கொண்டு வந்தது. அதுதான் மண்வெட்டியை எடுத்து அந்தக் குழியளை மூடினன். உதவி செய்தவ எண்டு ஊருக்குச் சொல்லித் திரியாதை. கையைச் சும்மா வைச்சிருக்க எனக்குப் பயமாய் இருந்தது.

செபஸ்தியம்மா வீட்டிலை நீ படலைக்கு வெளியிலை நிண்டனி. உள்ளை நடந்தது உனக்குத் தெரியாது. அவரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

மனுசன் போய்க் கதிரையிலை இருந்து, சாரத்தை உயர்த்தி முழங்காலைக் காட்டினார். செபஸ்தியம்மா முகத்தைத் திருப்பினா.

"பாருங்கோ அக்கா" எண்டார். "கத்தரீனா சொல்லித்தான் குளிசையை விட்டவன் எண்டு ஊர் கதைக்குது. பொய். கிளினிக்கிலை வரிசையிலை நிக்க எனக்குப் பஞ்சி, அலுப்பு. நோய்க்காரன் எண்டு வள்ளத்திலை வாறவங்கள் பாக்கிறது எனக்கு வெக்கம். பூத் தண்ணி எனக்கு ஒரு சாட்டு. நல்ல சாட்டு, வாய்க்கும் கைப்பில்லை."

மனுசி திரும்பிக் காலைப் பாத்தா. பிறகு, "நோகுதோ தம்பி?" எண்டா.

"இல்லாத கால்தான் அக்கா நோகுது. பெருவிரல் கடிக்கும். சொறியக் கையைக் கொண்டு போனால் அங்கை பாய்தான் கிடக்கும்."

அவ எழும்பி உள்ளை போனா. படலையைக் காட்டித் துரத்தப் போறா எண்டுதான் நான் நினைச்சன். குளிசையைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னாலை வாயிலை போட்டா. தண்ணி எடுத்துக் குடுத்தது நான். என்ரை வீட்டிலை அந்தத் தண்ணியை ஒருக்காலாவது எடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னாலை நிண்டிருக்க வேணும் எண்டு அப்பதான் விளங்கிச்சுது.

நாளைக்கும் அவ போடுவாவோ தெரியாது. நீ போய்ப் பார். கதவைச் சாத்தினாலும் நிண்டு கூப்பிடு. ஏசினாலும் நில். அது உன்ரை வேலை.

எனக்குக் கோபம் போகேல்லை, கத்தரீனா. உன்னிலையும் கிடக்கு, அந்த மனுசனிலையும் கிடக்கு, என்னிலையும் கிடக்கு. ஆரிலை கூட எண்டு எனக்கே பிடிபடேல்லை. எழுதி ஆத்தலாம் எண்டு பாத்தன், ஏலாது.

கிறிஸ்மசுக்கு வா. வந்து நாலு நாள் நில். வந்தால் ஏசுவன். வராட்டிலும் ஏசுவன். ஆனால் தனிய இருந்து ஏசி எனக்கு அலுத்துப் போச்சு.

அஞ்சலா